சாமுண்டி போடாத கையெழுத்து

"இந்த வாரமாவது ஒரு முடிவு சொல்லு சாமுண்டி. அந்த புரமோட்டர் என்னப் போட்டு நச்சரிக்கிறான்" என்றபடியே செருப்பைக் கழற்றினார் ஜெயவேலு.

சாமுண்டீஸ்வரி அண்ணனுக்குத் தட்டைப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மேடவாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி அனகாபுத்தூருக்கு வந்துவிடுவார். வந்ததும் முதல் பேச்சு இதுதான். அதற்குப் பிறகுதான் நெத்திலிக் குழம்பு.

அப்பா விட்டுப்போன நிலத்தில் அவளுக்கும் ஒரு பாகம் உண்டு. பிளாட் போடுகிற புரமோட்டர் ஒருவர் நிலத்தைக் கேட்டிருந்தார். சாமுண்டி தாம்பரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து, எனக்குப் பாகம் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் விற்றுவிடலாம்.

நிலத்தின் மேல் அவளுக்குத் துளிகூட ஆசை கிடையாது. வேண்டியதெல்லாம் அண்ணன்தான். எண்பத்து மூன்றாம் வருஷம், சாதி விட்டு யேசுதாசனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே குடும்பம் அவளைத் தலைமுழுகிவிட்டது. அப்பா செத்ததற்குக்கூட ஆள் அனுப்பவில்லை. பத்து வருஷம் கழித்து அவள் வாசலில் வந்து நின்ற முதல் சொந்தம் அண்ணன். அதுவும் கையெழுத்துக் கேட்டு. போட்டுக் கொடுத்துவிட்டால் மறுபடி எதற்கு வரப்போகிறார்?

அதனால் சாக்கு மேல் சாக்காகச் சொன்னாள். முதலில் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றாள். பிறகு ஆடி மாதம் பத்திரம் வேண்டாம் என்றாள். சர்ச்சுக்குப் போகிறவள் எப்போதிலிருந்து ஆடி பார்க்கிறாள் என்று யேசுதாசன் சிரித்தான். அதையும் இதையும் சொல்லி இழுத்ததில் மார்கழியும் வந்து கைகொடுத்தது. ஆரம்பத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போன ஜெயவேலு, இப்போது மூக்குமுட்டச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்.

மாசி பிறந்தது. யேசுதாசனுக்குப் பொறுக்கவில்லை. மச்சானை இப்படி அலையவிடுவது பாவம், வேண்டாத பாகத்தை எழுதிக் கொடுத்துத் தொலை என்று நேற்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவன் சொன்னது நியாயம்தான். அண்ணனை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

சாப்பிட்டு முடித்து அவர் கை கழுவி வந்ததும், மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"நாளைக்கே தாம்பரம் வந்துடறேண்ணா. பத்திரத்த எழுதி வெச்சிடு. எனக்கு ஒண்ணும் வேணாம்."

அண்ணன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். அவரோ துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"நாளைக்கேவா? இன்னா அவசரம் இப்ப? சித்திர பொறக்கட்டுமே."

"புரமோட்டர் நச்சரிக்கிறான்னு இப்பதானே சொன்னே?"

"அவன் எங்க கீறான்? தீவாளிக்கு முன்னாடியே வேங்கைவாசல்ல வேற எடம் வாங்கிகினு பூட்டான்."

சாமுண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப இத்தினி நாளா எதுக்குண்ணா வந்துகினு இருந்தே?"

ஜெயவேலு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தங்கச்சியப் பாக்கப் போறேன்னா உங்க அண்ணி வாசப்படி தாண்ட விட மாட்டா. ஊர்லயும் காறித் துப்புவானுங்க. கையெழுத்து வாங்கப் போறேன்னா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். நீ பாட்டுக்கு அதப் போட்டுட்டா, அப்புறம் நான் இன்னா சொல்லிக்கினு இங்க வர்றது?"