சாயுதா, சாடுதா

அந்த நாலுசக்கரப் பந்தய வண்டியின் எஞ்சினை அணைத்தால் மறுபடி பிடிக்காது. அதனால் லட்சுமிப்ரியா ஆக்சிலேட்டரை மிதித்தபடியே, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல்லைக் கத்தினாள்.

எனக்குக் கேட்டது முதலில் ஒரு ‘சா’, கடைசியில் ஒரு ‘து’. நடுவில் இருந்ததை எஞ்சின் தின்றுவிட்டது.

சாயுது என்றாளா, சாடுது என்றாளா?

எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் குதிப்பதைத்தான் சாடுவது என்போம். வண்டி வளைவில் சாய்ந்தால் ஷாக் அப்சர்பரை இறுக்க வேண்டும். மேட்டில் சாடினால் இளக்க வேண்டும். மாற்றிச் செய்தால் போச்சு.

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த வயலில் வரப்புகளை வெட்டிச் சமப்படுத்திப் போட்ட பந்தயத் தடம் அது. கடைசி வளைவுக்கு அப்பால் பாசனச் சானல். தண்ணீர் கிடையாது, வெறும் கான்கிரீட். தடுப்புக்கு நாலைந்து வைக்கோல் கட்டுகள். காலையிலிருந்தே எனக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை.

திரும்பக் கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது.

ஆனால் என்னைக் கல்யாணம் செய்து வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் லட்சுமிப்ரியாவிடம் ‘என்ன? என்ன?’ என்று திருப்பிக் கேட்டே அவள் பேச்சைக் குறைத்து வைத்திருந்தோம். நானும் கேட்டால் முகம் வாடிவிடும்.

யோசித்தேன். அவள் கோயம்புத்தூர்க்காரி. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அம்மா ‘குளத்துல சாடாத’ என்றபோது, குளத்தை யார் திட்டினார்கள் என்று கேட்டவள். அவளுக்குத் தெரிந்த சாடல், செய்தித்தாளில் தலைவர்கள் ஒருவரையொருவர் சாடுவதுதான். எங்கள் சொல் அவள் வாயில் எப்படி வரும்?

அப்படியானால் சாயுதுதான்.

ஷாக் அப்சர்பர் குமிழை இரண்டு பக்கமும் இறுக்கினேன். கொடி அசைந்தது.

முதல் வளைவில் வண்டி துளியும் சாயவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசி வளைவில், வரப்பு இருந்த மேட்டில் பின்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. விழுந்த வேகத்தில் வண்டி மறுபடி துள்ளியது. பம்பரமாகச் சுற்றி, வைக்கோலைத் தள்ளிக்கொண்டு சானல் பக்கம் போனது.

அப்புறம் எஞ்சின் சத்தம் இல்லை.

ஓடினேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. எல்லாரையும்தான் கூப்பிட்டிருப்பேன்.

முன்சக்கரம் ஒன்று சானலுக்கு மேலே வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். உதட்டில் கொஞ்சம் ரத்தம். அவள் கண்ணில் இருந்த கோபத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“சாடுதுண்ணு எவ்வளவு விளிச்சேன், ஒங்களுக்குச் செவி கேக்காதா?”

என்னோடு ஓடிவந்த கொடிக்காரர் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, மூச்சிரைக்க, பொண்ணுக்குக் கருங்கல்லில் எந்த இடம் என்று கேட்டார்.

எங்கள் வீடுதான் என்றேன்.