பின்வாசல் வழியாக ஒரு டிவி

லோசே தன் அக்காளின் டிவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அக்காள் வீட்டுப் பின்வாசல் வழியாக மரவள்ளித் தோட்டத்துக்குள் ஓடுகிறாள். அவள் கணவன் மனாசே நாற்காலியைத் தலையில் கவிழ்த்தபடி பின்னால் வருகிறான். வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்க அரசாங்கம் அனுப்பிய மெலேனைடே, அக்காள் வீட்டை முடித்துவிட்டு அதன் முன்வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்தது லோசேவின் வீடுதான். விருந்தாளியை வெறும் வீட்டில் உட்காரவைக்க டோங்கா நாட்டின் இந்தத் தீவில் யாருக்கும் மனசு வராது. "ஏண்டி, வீட்டுக்கு வீடு டிவின்னு எழுதிட்டா, தலைநகரத்தையே எட்டிப் பிடிச்சிட்டோம்னு சொல்லி நமக்கு வர வேண்டிய தண்ணித் தொட்டியை வேற தீவுக்குக் குடுத்துருவாங்க!" "அதுக்காக மானத்தை விடவா? வேகமா நடய்யா!" அவர்கள் வீட்டு ஓலைச்சுவரின் இடுக்குகளில் புகுந்த வெயில், பாய்மேல் வைத்த டிவியில் கோடுகோடாய் விழுகிறது. லோசே வியர்வையைத் துடைப்பதற்குள் மெலேனைடே உள்ளே வந்து, அந்த நாற்காலியிலேயே அமர்கிறாள். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறாள். டிவியைப் பார்த்ததும் அவள் பேனா ஒரு கணம் நிற்கிறது. மனாசே டிவியை மறைத்தாற்போல் நகர்ந்து நிற்கிறான். "பயப்படாதீங்க அண்ணே, டிவி இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்." லோசேவின் முகம் சிவந்துவிடுகிறது. "எப்படிடீ கண்டுபிடிச்ச?" மெலேனைடேவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "போன மாசம் எங்க வீட்டுக்கும் கணக்கெடுக்க வந்தாங்க அக்கா. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு ஓடுனதே நான்தான்."