மணி அடித்த பிறகு

அழக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கைக்குட்டை.

அது வகுப்பில் வைத்த பட்டப்பெயர். சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையத்தில், கட்சிக்காரராக நடிக்க வந்தவர் சொன்ன கதையைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு தடவை தேம்பி அழுது, இரண்டு தடவையும் பயிற்சித் தேர்வில் தோற்றவள். நடிப்புக்கே இந்த அழுகை என்றால் நிஜ வழக்கு வந்தால் கட்டடமே மிதந்துவிடும் என்று கூடப் படிப்பவர்கள் ஓட்டாத நாளில்லை.

இந்தத் தடவையும் கோட்டை விட்டால் படித்தது போதும், வீடு வந்து சேர் என்று அண்ணன் சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிறவன்.

ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி. நிஜக் கட்சிக்காரர்கள் வந்து உட்கார்வதும் இதே அறையில்தான். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் பேராசிரியர் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும்.

எதிரே அந்த அம்மாள். நாற்பதைத் தாண்டியவர், சாயம் போன சேலை, மடியில் ஒரு பை. வருஷா வருஷம் வருகிறவர். கணவனிடம் அடிபட்ட மனைவி வேஷம் மட்டும்தான் கட்டுவாராம். வேறு கொடுத்தால் ஒரே பேச்சாக மாட்டேன் என்றுவிடுவாராம். கைதேர்ந்த நடிகை என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்.

சும்மா சொல்லவில்லை. குரலை உயர்த்தாமல், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். கையை முறித்தது. இரவு முழுக்கக் குளியலறையில் பூட்டிவைத்தது. இன்றைக்கு இங்கே கிளம்பும்போது வீட்டு வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, போய்ட்டு வா, உனக்கு இருக்கு என்று அவன் சிரித்தது.

 கைக்குட்டைக்குப் பாழாய்ப்போன கண்ணீர் இமை வரை வந்து எட்டிப் பார்த்தது. அவள் மசியவில்லை.

‘மிரட்டல்’ என்று தாளில் எழுதி, அழகாக அடிக்கோடு போட்டாள்.

பாதுகாப்பு உத்தரவுக்கு எப்படி மனுப் போடுவது, எந்தப் பிரிவு, மருத்துவமனைச் சீட்டு எதற்கு, எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்று விடாமல் சொன்னாள். அடுத்த வாரமே விசாரணைக்கு வந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்று முடித்தாள்.

மணி அடித்தது.

பிரமாதம், தேறிவிட்டாய் என்று ஒலிபெருக்கியில் பேராசிரியர் குரல் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து நிஜக் கட்சிக்காரர்களைப் பார்க்கலாம் என்றார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. முதல் வேலையாக அண்ணனுக்குப் போன் போட வேண்டும்.

அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

அப்போதுதான் கைக்குட்டைக்குச் சுருக்கென்றது. வீட்டு வாசலில் அவன் நிற்கிறானே. அடுத்த வாரம் விசாரணை என்கிறோம், சரி; இன்றைக்கு? நடிப்பு, வேஷம், தேர்வு எல்லாம் அந்த நிமிஷம் மறந்தே போயிற்று.

“அக்கா, இங்கேருந்து இப்ப எங்க போவீங்க?”

ஒலிபெருக்கி கரகரத்தது. பயிற்சி முடிந்துவிட்டது, இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார் பேராசிரியர். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

அம்மாள் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் அசையாமல் இருந்த முகம் இப்போது கோணிக்கொண்டு போனது.

“அன்னைக்கு இதே ரூம்ல என் தங்கச்சிகிட்ட யாரும் இதைக் கேக்கலம்மா. எழுந்து நேரா வீட்டுக்குத்தான் போனா. அதோட சரி, அப்புறம் அவளை உசுரோட பாக்கல.”

கைக்குட்டை கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். அதில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். 

அவளுக்கு அழக்கூட வரவில்லை. மேஜைமேல் கிடந்த தாளில், அடிக்கோடு ஒரு இடத்தில்கூட நெளியாமல் நேராக இருந்தது.