அரை உளுந்தவடை

அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள்.

"இந்த இடம் பாதுகாப்பாக இருக்கிறது," என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

பந்தி திகைத்தது. சொதி வாளி அந்தரத்தில் நின்றது.

எதிரே அப்பா. தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். அரை உளுந்தவடை உள்ளே சிக்கிக்கொண்டது. இருமல் இல்லை. சத்தமும் இல்லை. அவர் சாதாரணமாக "தண்ணி கொண்டா" என்றாலே பாளையங்கோட்டை வரை கேட்கும்.

அவள் மூன்றாம் வருட மருத்துவ மாணவி. காலையிலிருந்து கல்யாண மண்டபத்தில் அப்பா ஒருவர் விடாமல் "எம் பொண்ணு டாக்டர்" என்று சொல்லியிருந்தார். ஆள் தீர்ந்ததும் தூண்களிடம் சொல்லியிருப்பார்.

இந்த முதலுதவிப் பாடத்தில் கல்லூரியிலேயே அவள்தான் முதல். ஆனால் அங்கே ரப்பர் பொம்மை. செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். சொல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது.

"வணக்கம் ஐயா. என் பெயர் கோமதிஸ்ரீ. மருத்துவ மாணவி. உங்களுக்கு மூச்சு அடைக்கிறதா? நான் உதவி செய்யலாமா?"

பெற்ற அப்பாவிடம்.

பாவம், அவரும் நீலம் பாரித்த உதட்டோடு தலையாட்டினார்.

அவள் காத்திருந்தாள். 'அடுத்தது' என்று சொல்ல வேண்டிய பேராசிரியரைக் காணவில்லை.

"ஏட்டி! என்ன பிரசங்கமா பண்ணுத? செய்ட்டி!"

பிரமு அத்தை போட்ட சத்தத்தில் மாடியில் நாதஸ்வரம் நின்றுபோனது.

செய்தாள். முதுகில் ஐந்து அறை. வடை அசையவில்லை.

பின்னால் போய் வயிற்றைச் சுற்றிப் பிடித்தாள். கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. அந்த வயிற்றை ஒரு சுற்று வர ஆட்டோதான் பிடிக்க வேண்டும்.

பொம்மைக்குத் தொப்பை கிடையாது.

அப்பாவின் முழங்கால் மடங்கியது.

எப்போதோ படித்த ஒரு வரி. வயிறு எட்டாவிட்டால் நெஞ்சு.

கைகளை மேலே ஏற்றினாள். நெஞ்சின் நடுவில் கோத்துத் தன் பக்கம் இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். ஐயாவெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அப்பா... அப்பா... அப்பா..."

வடை புறப்பட்டது. மூன்று இலை தாண்டி, வீடியோக்காரர் காதை உரசி, மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் இறங்கியது. பார்த்தவர்கள் இதைக் குறைத்துத்தான் சொல்கிறார்கள்.

அப்பா மூச்சை இழுத்தார். இழுத்த இழுப்பில் தோரணமெல்லாம் அவர் பக்கம் சாய்ந்தது.

"யாத்தாடீ!" என்றார்.

பாளையங்கோட்டைக்குக் கேட்டிருக்கும்.

பந்தியே மூச்சு விட்டது. பிரமு அத்தை அழுதுகொண்டே சிரித்தாள்.

எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடலாம் என்று அவள் காருக்குச் சொன்னாள். அது வருவதற்குள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவளை அத்தை பிடித்து இலைமுன் உட்காரவைத்தாள்.

ஒரு வாய் சோறு எடுத்தாள். வாயில் போட்டு மென்றாள்.

பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்த அப்பாவைக் காணவில்லை.

திரும்பினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அவள் விழுங்கும்வரை நின்றார்.