வலிப்பட்டை

லண்டனில் அக்காவைப் பிரசவத்தில் பறிகொடுத்த நாள்முதல் கறுப்பினப் பெண்ணான நியோமா வலியை எண்ணாகக் காட்டும் வலிப்பட்டைகளை நம்புவதில்லை; அக்காவின் வலியைப் பட்டை குறைத்துக் காட்டியிருந்தது. இப்போது பிரசவத்துக்குச் சேர்ந்த கோவை மருத்துவமனையில் அவள் கையில் கட்டிய பட்டை, வலி பத்துக்கு இரண்டு என்றது. அவளோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடித்தாள்.

"எட்டு காட்டுனாத்தான் டாக்டரைக் கூப்பிட முடியும்," என்றாள் நர்ஸ்.

"என்னைப் பாருங்க, அதைப் பாக்காதீங்க!" என்று கத்தினாள் நியோமா.

கணவனின் தங்கை கயல்விழிக்குச் சந்தேகம் தட்டியது. "அண்ணி, அதை இங்க குடுங்க." பட்டையைக் கழற்றித் தன் வெளுப்பான கையில் கட்டி, லேசாகக் கிள்ளிக்கொண்டாள். ஒன்பது என்று அலறியது பட்டை.

டாக்டர் ஓடிவந்தார். கயல்விழி அவர் கையைப் பிடித்து நியோமாவின் வயிற்றில் வைத்தாள். டாக்டரின் முகம் மாறியது.

"உடனே தியேட்டருக்குக் கொண்டு போங்க!"

தாயும் மகளும் பிழைத்தார்கள். மறுநாள் குழந்தைக்கென்று சின்னப் பட்டையோடு வந்தாள் நர்ஸ். நியோமா மகளின் கறுத்த கையைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வேண்டாம். இவளுக்கு வலிச்சா இவளே அழுவா."