மழுங்காத சில்லு

செம்மணல் காட்டுல நகம் அளவுக்கு ஒரு கல்லுச்சில்லு கிடந்துச்சு. பல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி அது கத்தி. இப்ப ஒருநாள், அங்க பழம்பொருள் தேடித் தோண்டுற ஆளுங்க, ஊர்ச்சனமும் வந்து மண்ணச் சலிச்சுப் பாக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. வர்றவங்க வெறுங்கையோட போகக்கூடாதேன்னு புதுப் பானை ஓடுகளையும் அவங்களே புதைச்சு வச்சிருந்தாங்க.

சாயங்காலம் குழிய மூடிருவாங்க. அதுக்குள்ள யார் கையிலயாவது ஏறிரணும்னு சில்லு ஒத்தக்கால்ல நின்னுச்சு. ஆனா சல்லடையில விழுந்தா நேரா கீழ போயிருது.

"என்னயப் புடிச்சுக்கயேன்!"

"என் ஓட்டை பெருசு, நான் என்ன செய்ய?"ன்னுச்சு சல்லடை. அது முன்ன ஒரு வீடு கட்டுற இடத்துல மணல் சலிச்சது. அந்த வீட்டு மாமியாளும் மருமகளும் வாசல் எந்தப் பக்கம்னு சண்டை போட்டு, கடைசில ரெண்டு வாசல் வச்சாங்க. அது கிடக்கட்டும்.

"போயிட்டு வாரும் பெரியவரே!"ன்னு புது ஓடு சிரிச்சுச்சு. "எனக்குப் பூ வரைஞ்சிருக்கு. உமக்கு என்ன இருக்கு?"

கீழ விழுந்த மண்ணையே மறுபடி மறுபடி அள்ளிப் போட, மூணாந்தடவை சில்லு குறுக்க திரும்பி, கம்பியில சிக்கிக்கிட்டு, விளிம்ப மேல தூக்கி வச்சுக்கிச்சு. மீன் வெட்டுற சூசையம்மா மண்ணக் கையால தள்ளினா. சுருக்குன்னுச்சு. விரல்ல ரத்தம்.

"ஏ யம்மா! எங்க அருவாமனையக் காட்டிலும்லா கூரா இருக்கு!"

கூட்டம் ஓடியாந்துச்சு. அவ சில்ல உள்ளங்கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"எவ்வளவு நேரம் பாப்பீய தாயி?"ன்னுச்சு சில்லு. "மீனக் கொண்டாங்க."