குழாயைச் சுற்றிய கொடி

வெயில் இறங்கிவிட்டது, பின்சுவரின் உச்சியில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழாய் வேலை பார்க்கும் கொழுந்தன் கையில் ரம்பத்தோடு ஏணியின் மேல்படியில் நிற்கிறான். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயை நிலாப்பூக்கொடி சுற்றிச் சுற்றி இறுக்கி, அதன் இணைப்பையே பெயர்த்துவிட்டது. கீழே ஏணியைப் பிடித்திருக்கும் அண்ணிதான் அதை விதை போட்டு வளர்த்தவள். "வெட்டிடு தம்பி. அஞ்சு மாசமா வெறும் இலைதான்," என்கிறாள், தரையைப் பார்த்தபடி. ரம்பத்தைத் தண்டில் வைத்தவன் அப்படியே நின்றுவிடுகிறான். அவன் முகத்துக்கு நேரே, முறுக்கி மடித்த குடை போன்ற நீண்ட மொட்டு ஒன்று நடுங்குகிறது. காற்று துளியும் இல்லை. "அண்ணி, இது தானா அசையுது." முறுக்கு மெல்ல அவிழ்கிறது. ஒரு மடிப்பு விடுபடுகிறது, இன்னொன்று விடுபடுகிறது, பிறகு சட்டென்று உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக விரிந்து நிற்கிறது பூ. உள்ளே ஐந்து இளம்பச்சை வரிகள். வாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அவன் இறங்கி வந்து, அண்ணியை ஏற்றிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொள்கிறான். தொடப் போன அவள் விரல் பாதியிலேயே நிற்கிறது. "குழாய் என்ன ஆகும் தம்பி?" என்று கேட்கிறாள், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "குழாய் கெடக்கு. அந்தப் பக்கச் சுவத்துல புதுசா ஒண்ணு இறக்கிடறேன்," என்கிறான் அவன், கழுத்து வலிக்க அண்ணாந்தபடி. "உங்க காதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு நடுங்குது, அதைப் பாருங்க."